ஒரு பிரச்சினையும் இல்லாத கார்ட்

அம்மா சீட்டு எடுத்த மாதம்தான் நான் அந்தக் கிராபிக்ஸ் கார்ட்டை வாங்கினேன். சீட்டுக் காசில் குசினிப் பக்கத்துக் கூரைக்கு ஓடு மாற்றுவதாக இருந்தது. மாரிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதுதானே என்று, அதிலிருந்து 32,000 ரூபாவை நான் கேட்டு வாங்கினேன். அம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"படிப்புக்கோ?"

"ஓம், படிப்புக்குத்தான்."

அது பொய்யில்லை. கடைசி வருடச் செயற்திட்டத்துக்கு 18 நிமிட ஆவணப்படம் ஒன்று செய்யவேண்டியிருந்தது. கடற்கரையில் கருவாடு போடும் பெண்களைப் பற்றியது. காட்சிகள் எல்லாம் எடுத்தாயிற்று. வெட்டி ஒட்ட டாவின்சி ரிசோல்வ் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த மென்பொருள் தன்னுடைய பாரத்தில் பெரும் பங்கைக் கிராபிக்ஸ் கார்ட்டின் தலையில்தான் போடும். எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரில் தனியாகக் கார்ட் இல்லை. நாலாம் தலைமுறை ஐ5 புரொசசருக்குள் இருக்கிற கிராபிக்ஸை நம்பி ரிசோல்வைத் திறந்தால், ஒரு காட்சியை இழுத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

ஆனால் அது முழு உண்மையும் இல்லை. கார்ட் வந்தால் விச்சர் 3 விளையாடலாம் என்ற எண்ணம் செயற்திட்டத்துக்கு முதலே எனக்கு இருந்தது. அந்தப் பாதியை அம்மாவுக்குச் சொல்லவில்லை. இதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏனென்றால் இனிமேல் இந்தக் கட்டுரையில் இன்னொருவர் எனக்குச் சொல்லாமல் விட்ட பாதியைப் பற்றித்தான் நிறையக் கதைக்கப் போகிறேன்.

விளம்பரம் பேஸ்புக்கில் கிடந்தது. "ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. நல்ல நிலை. ஒரு பிரச்சினையும் இல்லை." நெல்லியடியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், விற்பவருடைய வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் தன்னுடைய கொம்பியூட்டரில் போட்டுக் காட்டினார். விண்டோஸ் வந்தது. மவுஸை அங்கேயும் இங்கேயும் அசைத்தார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் இருக்கும்.

"ஆருக்குத் தங்கச்சி, தம்பிக்கோ?"

"இல்லை அண்ணா, எனக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டு வருஷம் கேமுக்கு மட்டும் பாவிச்சது. மூண்டு நாள் செக்கிங் வரன்ரி. அதுக்குள்ள ஏதும் எண்டால் கொண்டு வாங்கோ." என்னுடைய பவர் சப்ளையில் இந்தக் கார்ட்டுக்கு வேண்டிய 8 பின் வயர் இல்லை என்று சொன்னேன். பழைய மொலெக்ஸ் வயர் இரண்டைச் சேர்த்து 8 பின் ஆக்குகிற ஒரு இணைப்பைச் சும்மாவே எடுத்துத் தந்தார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு கார்ட்டைப் பூட்டிப் போட்டால் திரை கறுப்பு. ஃபான் சுற்றுகிறது, படம் இல்லை. அரை மணித்தியாலம் கை நடுங்கக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தேன். பிறகுதான் பார்த்தால், மொனிட்டர் வயரைப் பழைய பழக்கத்தில் மதர்போர்ட்டிலேயே செருகி வைத்திருக்கிறேன். கார்ட்டின் பின்பக்கத்தில் செருகியதும் படம் வந்தது. இந்தப் பிழையைச் செய்யாத ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. அதனால் வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ரிசோல்வ் பறந்தது. இரண்டு நாள் சந்தோசம். இரண்டாம் நாள் இரவு ஒரு காட்சியை ரென்டர் பண்ண விட்டேன். பத்து நிமிடத்தில் கொம்பியூட்டர் டக்கென்று நின்று, தானாகத் திரும்ப எழும்பியது. இன்னொருக்கா விட்டேன். திரும்பவும் அதேதான். விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் "கேர்னல் பவர் 41" என்று ஒரு சிவப்புக் குறி. பயங்கரமாக இருந்தாலும் அதன் பொருள் ஒழுங்காக மூடாமல் நின்றுவிட்டது என்பது மட்டும்தான். ஏன் நின்றது என்று அது சொல்லாது.

நான் உடனே விற்றவருக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். மரியாதை குறைவான சொற்கள் இரண்டும் அதில் இருந்தன. அவர் ஒரு வரியில் பதில் போட்டார்: "முதல்ல உங்கட பவர் சப்ளையைப் பாருங்கோ தங்கச்சி."

எனக்கு இன்னும் கோபம் ஏறியது. தையல் மெசினில் இருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். கதையைச் சொன்னேன். அம்மாவுக்குக் கார்ட் தெரியாது, பவர் சப்ளை தெரியாது. ஆனால் அவர் சொன்னது இதுதான்:

"நூல் அறுந்தால் முதல்ல ஊசியை மாத்திப் பார். பிறகு நூலைக் கழட்டித் திரும்பக் கோர். பிறகு நூலையே மாத்து. இவ்வளவும் செய்துபோட்டுத்தான் மெசினைத் திட்டோணும். எல்லாத்தையும் ஒண்டாத் திருகினால், எது பிழை எண்டு கடைசி வரைக்கும் தெரியாது."

அம்மாவின் மெசினும் பழையதை வாங்கினதுதான். அதை விற்ற அன்ரி கனடாவுக்குப் போகிறபோது, "பின்னுக்குத் தைக்கிற நெம்பு இறுக்கம், குளிர் நாளில எண்ணெய் விடாமல் ஓடாது" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். அம்மா இன்றைக்கும் மார்கழியில் அந்த இடத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் கூட விடுவார்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பவர் சப்ளையில் ஒட்டியிருந்த தாளை முதல்முறையாக ஒழுங்காக வாசித்தேன். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சின்ன அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 அம்பியர். பெருக்கினால் 192 வாட். புரொசசரும் கிராபிக்ஸ் கார்ட்டும் எடுப்பது இந்த 12 வோல்ட் பாதையில் இருந்துதான். மற்ற வோல்ட்டுகளையும் கூட்டிக் காட்டுகிற பெரிய இலக்கத்தால் கார்ட்டுக்குப் பயனில்லை. ஆர்எக்ஸ் 580 பாரத்தில் ஓடும்போது கிட்டத்தட்ட 185 வாட் எடுக்கும். என்னுடைய ஐ5 இன்னொரு 84 வரைக்கும் போகும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மதர்போர்ட்டின் துவாரம் 75 வாட் வரைக்கும்தான் தரும், மிச்சம் அந்த 8 பின்னால் வரவேண்டும். அவர் சும்மா தந்த மொலெக்ஸ் இணைப்பைத் தொட்டேன், சூடாக இருந்தது.

ஆக அவர் சொன்னது சரி. நான் எழுதிய இரண்டு சொற்களுக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி போட்டேன். மூன்று மாத மகாபொலக் காசு ஒன்றாக வந்திருந்தது. அதோடு இன்னும் கொஞ்சம் போட்டு, 12 வோல்ட்டில் 40 அம்பியர் தரக்கூடிய நல்ல 500 வாட் பவர் சப்ளை ஒன்று வாங்கினேன். கொம்பியூட்டர் நிற்பது அத்தோடு நின்றது.

ஆனால் அதை வாங்கிப் பூட்டி முடிக்க ஐந்தாம் நாள் ஆகிவிட்டது. செக்கிங் வரன்ரி மூன்று நாள்.

ஆறாம் நாள் இரவு திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. பிறகு பத்து. பிறகு ஊதாவும் பச்சையுமாகச் சின்னச் சதுரங்கள் கருவாட்டுப் பாயின் மேல் மழை போலக் கொட்டின. படம் உறைந்தது. திரும்பப் போட்டால் இருபது நிமிடம் நல்லாக இருக்கும், பிறகு அதே மழை. பழைய பவர் சப்ளையில் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு நாளும் கார்ட் பாரத்தில் ஓடவில்லை. அதனால்தான் இது முதலில் வெளியே தெரியவில்லை. ஒரு பிழை இன்னொரு பிழையை மறைத்து வைத்திருந்திருக்கிறது.

இந்த முறை விற்றவருக்கு எழுதவில்லை. ஒரு கொப்பியை எடுத்தேன். ஊசி, நூல், மெசின் என்று அம்மா சொன்ன ஒழுங்கில், மலிவானதும் இலகுவானதும் மேலே வரும்படி பட்டியல் போட்டேன்.

முதலாவது ட்ரைவர். விண்டோஸை சேஃப் மோடில் திறந்து, டிடியு என்ற இலவச மென்பொருளால் பழைய ட்ரைவரை அடியோடு துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். மாற்றமில்லை.

இரண்டாவது வயரும் மொனிட்டரும். வேறு எச்டிஎம்ஐ வயர் போட்டேன், வீட்டு டிவியில் செருகிப் பார்த்தேன். டிவியிலும் அதே பச்சை.

மூன்றாவது, கார்ட்டில் பிழையா அல்லது என்னுடைய கொம்பியூட்டரில் பிழையா என்பது. இதற்கு ஒரே வழி மாற்றிப் பூட்டுவது. பருத்தித்துறையில் இருக்கும் பெரியம்மாவின் மகனிடம், எனக்கு அண்ணா, ஒரு நல்ல கொம்பியூட்டர் இருக்கிறது. கார்ட்டை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி பஸ்ஸில் கொண்டு போனேன். "பொலித்தீனில ஸ்டாட்டிக் வரும், மண்டை இருக்கோ உனக்கு" என்று வாசலிலேயே ஏச்சு விழுந்தது. என்னுடைய கார்ட் அவருடைய கொம்பியூட்டரில் இருபத்திரண்டாவது நிமிடத்தில் பச்சை காட்டியது. அவருடைய கார்ட்டை இரவல் வாங்கி வந்து என்னுடையதில் ஒரு முழு இரவும் ஓட்டினேன். ஒரு புள்ளி இல்லை. இரண்டு பக்கமும் சோதித்தபடியால் இனிச் சந்தேகம் இல்லை. பிழை கார்ட்டில்தான்.

நான்காவது சூடு. அளக்கிற மென்பொருளைப் போட்டால் 88 பாகை. இரண்டு ஃபானில் ஒன்று சுற்றவேயில்லை. விரலால் மெல்லத் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்கியது, எங்கள் வீட்டு மண்டபத்துச் சீலிங் ஃபான் போல. கார்ட்டைக் கழற்றினேன். ஸ்க்ரூக்களின் தலையில் ஏற்கெனவே கீறல். யாரோ முன்னமே திறந்திருக்கிறார்கள். உள்ளே சூட்டைக் கடத்துகிற பசை காய்ந்து வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. அதைத் துடைத்துப் புதுப் பசை பூசினேன். ஃபானின் நடு ஸ்ரிக்கரைக் கிளப்பி, அம்மாவின் தையல் மெசின் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு விட்டேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஃபான் சுற்றியது. சூடு 71 பாகைக்கு இறங்கியது.

அம்மாவும் நானும் ஒரு மணித்தியாலம் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நாற்பதாவது நிமிடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது.

"இப்ப மெசினைத் திட்டலாம்," என்றார் அம்மா.

அண்ணா சொல்லி, ஜிபியு-இஸட் என்ற மென்பொருளால் கார்ட்டின் விபரங்களை எடுத்தேன். ஆர்எக்ஸ் 580 என்றால் உள்ளே 2304 ஷேடர்கள் இருக்கவேண்டும். என்னுடையதில் 2048. 2018இல் சீனச் சந்தைக்கென்று வந்த, அதே பெயர் கொண்ட குறைந்த வகை இது. பெயர் 580, உள்ளே கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் 570. இது களவுக் கார்ட் இல்லை, அப்படியொரு வகை உண்மையாகவே உண்டு. ஆனால் விலை 580இன் விலை.

கார்ட்டின் விளிம்பில் குண்டூசித் தலை அளவில் ஒரு சுவிட்ச் இருந்தது. சில கார்ட்டுகளில் பயோஸ் இரண்டு இருக்கும், எது ஓடவேண்டும் என்று தெரிவு செய்ய அந்தச் சுவிட்ச். அதை மற்றப் பக்கம் தள்ளிவிட்டு ஓட விட்டேன். படம் வந்தது, ஆனால் ட்ரைவர் கார்ட்டை ஏற்க மாட்டேன் என்றது. "யாரோ பயோஸை மாத்தி எழுதியிருக்கினம். மாத்தின பயோஸை ட்ரைவர் இலேசில ஏற்காது. மைனிங் கார்ட்," என்றார் அண்ணா.

மைனிங் என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் கணக்கு வழக்கைச் சரிபார்க்கும் கணக்குகளைக் கிராபிக்ஸ் கார்ட்டுகளால் போட்டு, அதற்குக் கூலியாக நாணயம் பெறலாம் என்று ஒரு காலம் இருந்தது. 2021இல் உலகம் முழுக்கக் கார்ட்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2022 செப்டெம்பர் 15 அன்று இதீரியம் அந்த முறையைக் கைவிட்டது. அதோடு வேலையிழந்த கார்ட்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்து கொட்டுண்டன. அந்தக் கணக்குகளுக்கு முக்கியம் கார்ட்டின் நினைவகத்தின் வேகம். அதனால் நடுச் சிப்பைக் குறைந்த மின்னில் ஓட விட்டு, நினைவகத்தை மட்டும் எல்லை வரைக்கும் முறுக்குவதற்காகப் பயோஸை மாற்றி எழுதுவார்கள். இரவு பகல் ஓய்வில்லை. எனவே மைனிங் கார்ட் எல்லாமே பழுது என்று சொல்ல முடியாது, பலதில் நடுச் சிப் நல்லாகவே இருக்கும். அடிபடுவது ஃபானும் நினைவகமும். என்னுடையதில் இரண்டும் அடிபட்டிருந்தன.

எனக்கு உறைத்தது வேறொன்று. மாற்றி எழுதிய பயோஸ் ஒரு பக்கம், சுத்தமானது மறுபக்கம். விற்கும்போது சுவிட்ச் சுத்தமான பக்கத்தில் இருந்தது. யாரோ ஒருவர் தெரிந்துதான் அதைத் தள்ளி வைத்திருக்கிறார்.

விற்றவருக்கு எழுதினேன். இந்த முறை திட்டவில்லை. சுவிட்சின் படத்தையும் ஜிபியு-இஸட் படத்தையும் அனுப்பி, "இது மைனிங் கார்ட் எண்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு நீலச் சரி விழுந்தது. இரவு பதில் வந்தது.

"நானும் கொழும்பில இருந்து எடுப்பிச்சது தான் தங்கச்சி. எனக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு தான் தந்தவை. மூண்டு நாள் முடிஞ்சுது தானே."

அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அவர் பொய் சொல்கிறாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவரும் ஒரு இரவு பச்சை மழையைப் பார்த்துவிட்டு, 'இதை எப்பிடியாவது தள்ளிவிடோணும்' என்று நினைத்திருக்கலாம். பவர் சப்ளை விசயத்தில் அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. சரியான ஒன்றைச் சொல்லிச் சரியில்லாத ஒன்றை மறைக்கலாம் என்று அப்போது விளங்கியது. நான் அம்மாவுக்குச் சொன்ன "படிப்புக்குத்தான்" போல.

யாழ்ப்பாணத்தில் ஒரு திருத்துற கடைக்கு அண்ணாவோடு போனேன். கேள்வி கேட்டது நான், கடைக்காரர் பதில் சொன்னது அண்ணாவைப் பார்த்து. நினைவகச் சிப்பை மாற்றலாம், ஆனால் காசு கார்ட்டின் விலையில் பாதி, உத்தரவாதமும் இல்லை. "இல்லாட்டில் சூடு காட்டித் தாறன். ஈயம் கொஞ்சம் இளகிப் பிடிக்கும். ரெண்டு மூண்டு கிழமை ஓடும். அதுக்குள்ள வித்துப்போடுங்கோ."

அவர் அதை எந்தக் கள்ளமும் இல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் கணக்குப் போட்டேன். சூடு காட்ட மூவாயிரம். முப்பதுக்கு விற்றால் அம்மாவின் காசு கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பும். விளம்பரத்தில் எழுதவேண்டியது எனக்கு மனப்பாடம்: நல்ல நிலை, ஒரு பிரச்சினையும் இல்லை. நெல்லியடி வரும்வரைக்கும் அந்தக் கணக்கு எனக்குப் பிழையாகவே தெரியவில்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பயமான இடம்.

வீட்டில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை எடுத்து ஐந்தாவது வரியை எழுதினேன்: நினைவகத்தின் வேகம்.

கார்ட்டின் நினைவகத்தை மட்டும் சோதிக்கிற ஒரு சின்ன இலவச மென்பொருள் கிடைத்தது. வேகத்தைக் குறைக்க ஆஃப்டர்பேர்னர். கார்ட்டின் வழமையான 2000 மெகாஹேர்ட்ஸில் ஓட விட்டால் சில நிமிடங்களில் பிழைகள் வரிசையாக விழுந்தன. 1900இல் கொஞ்சம் பிந்தி விழுந்தன. 1800இல் அரை மணித்தியாலத்துக்கு ஒன்று. 1750இல் இரண்டு மணித்தியாலம் விட்டேன், ஒன்றுமில்லை. பிறகு ஒரு முழு இரவும் விட்டேன். விடிய எழும்பிப் பார்க்க, பிழை பூச்சியம். இவ்வளவு காலமும் முறுக்கப்பட்ட சிப் ஒன்று, கொஞ்சம் மெதுவாக ஓட விட்டால் ஓடுகிறேன் என்றது. ரிசோல்வில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த 1750இலேயே படத்தை வெட்டி முடித்து ஒப்படைத்தேன். விச்சரும் விளையாடினேன்.

ஆவணியில் காற்று மாறத் தொடங்கியது. அம்மா ஓட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் குசினிக்குள் எந்த இடத்தில் வாளி வைக்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். கார்ட்டை விற்க முடிவு செய்தேன். விளம்பரத்தை எழுதத் தொடங்கியபோது விரல் தானாக "நல்ல நிலை" என்று அடித்தது. அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "ஆர்எக்ஸ் 580, 2048 வகை. மைனிங்கில் இருந்தது. ஒரு ஃபானுக்கு எண்ணெய் விட்டது. நினைவகத்தை 1750இல் வைத்தால் மட்டும் பிழையில்லாமல் ஓடும். வந்து ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுக்கலாம். 14,000."

மூன்று நாள் ஒருவரும் கேட்கவில்லை. நாலாம் நாள் கரவெட்டியில் இருந்து ஏஎல் படிக்கிற ஒரு தம்பி தகப்பனோடு வந்தான். தகப்பன் விளம்பரத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். "பிழை எண்டு நீரே எழுதியிருக்கிறீர். பிழையான சாமானை ஏன் விக்கிறீர்?" என்று கேட்டுவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சொல்லப் பதில் இருக்கவில்லை. அதே குழுவில் ஒருவர் "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று போட்ட 580 ஒன்று 28,000க்கு அன்றைக்கே போனது.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தம்பி சைக்கிளில் தனியாக வந்தான். "அக்கா, ஓட்டிப் பாக்கலாமோ?" ஒரு மணித்தியாலம் இல்லை, இரண்டு மணித்தியாலம் ஓட்டினான். என்னுடைய கொப்பியின் பக்கங்களைப் போனில் படம் எடுத்தான். 14,000ஐ எண்ணித் தந்தான். கார்ட்டைச் சரியான ஸ்டாட்டிக் பையில் போட்டுக் கொடுத்தேன்.

அவனிடம் சொன்னதை இங்கே வாசிப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பழைய கார்ட் வாங்கப் போனால் ஐந்து நிமிடம் மவுஸை அசைத்துக் காட்டுவதை நம்பவேண்டாம், பாரத்தில் அரை மணித்தியாலமாவது ஓட விடச் சொல்லுங்கள். ஜிபியு-இஸட்டை ஒரு பென்ட்ரைவில் கொண்டு போய் ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்கள். எல்லா ஃபானும் தானாகச் சுற்றுகிறதா, ஸ்க்ரூத் தலைகளில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்ச் இருந்தால் இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் கொம்பியூட்டரை நிற்பாட்டிவிட்டு. போக முதல் உங்கள் பவர் சப்ளையின் 12 வோல்ட் வரியை வாசியுங்கள், கார்ட்டின் மேல் பழி போட முதலும் அதை ஒருக்கா வாசியுங்கள்.

காசை அம்மாவிடம் கொடுத்தேன். மிச்சம் 18,000 பிறகு தருகிறேன் என்றேன். கேம் விளையாடவும்தான் வாங்கினேன் என்பதையும் சொன்னேன்.

"தெரியும்," என்றார் அம்மா. "இரவு ரெண்டு மணிக்கு வாள் சத்தம் கேக்கிறது எந்தப் படிப்பில?"

ஓடு ஐப்பசிக்கு முதல் பாதிக் கூரைக்கு மாறியது. மிச்சப் பாதிக்கு வாளி.

மார்கழியில் ஒரு நாள் இரவு அந்தத் தம்பியின் இலக்கம் போனில் வந்தது. சரி, போய்விட்டது, காசைத் திருப்பிக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். கேட்டால் கொடுக்க என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்றுகூட மனதுக்குள் எண்ணினேன்.

"அக்கா, விண்டோஸ் திரும்பப் போட்டனான். பச்சை வருது. அந்த 1750 எந்த இடத்தில போடோணும்?"

சொல்லிக் கொடுத்தேன். அவன் போனை வைக்கவில்லை. இருபது நிமிடம் கழியும்வரைக்கும் இரண்டு பேரும் வேறு கதை கதைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

"வரேல்ல அக்கா," என்றான்.

"இன்னும் ஒரு இருபது நிமிஷம் பார்," என்றேன்.